அக்கா தங்கச்சிக்கு ஓர் அம்மா

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தமயந்திக்கும் ஜெபசீலிக்கும் ஓர் அம்மாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உறவுப் பதிவு அலுவலகத்து ஊழியர் வாசலில் நின்று கையெழுத்துக் கேட்டார். பக்கத்தில் அம்மா தகரப் பெட்டியோடு நின்றார். அறுபது வயதிருக்கும். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தார்.

“நாங்க அம்மா கேக்கலையே,” என்றாள் தமயந்தி.

“பதினோரு வருசமா ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கீங்க. அக்கா தங்கச்சின்னு தெருவே எழுதிக் குடுத்திருக்கு. அம்மா இல்லாம ஃபைலை மூட முடியாதுல்லா.”

“எங்க அம்மா சங்கரன்கோவில்ல இருக்காங்க. இவ அம்மா நாசரேத்துல.”

“அது உங்க சொந்த விசயம்,” என்று பேனாவை நீட்டினார்.

தமயந்தி கணக்கு டீச்சர். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். ஆனால் அம்மா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். போட்டாள்.

அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் முருகன் படமும் வேதவசனக் காலண்டரும் ஒரே ஆணியில் தொங்கின. கட்டில் ஒன்றுதான் இருந்தது.

“ரெண்டு பேரையும் பெக்கும்போது நல்ல மழை,” என்றார், யாரும் கேட்காமலே. பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை மாற்றம் தொடங்கியது. சீலிக்கு இடது காதுக்குக் கீழே எள்ளளவு மச்சம் உண்டு. அந்த வீட்டிலேயே தமயந்திக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். காலையில் அது இல்லை. பதிலுக்குச் சீலியின் முகவாயில் தமயந்தியின் தழும்பு இருந்தது, ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. சனிக்கிழமை சீலியின் மூக்கும் தமயந்தியின் மூக்காக மாறியது. பால் ஊற்றும் பெண், “பாத்தாலே தெரியுதே, ஒரே அச்சு,” என்று மகிழ்ந்துபோனாள்.

சீலி கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். “ஏட்டி, நான் கொஞ்சங்கொஞ்சமா இல்லாமப் போறேன்,” என்றாள்.

தமயந்தி நேசித்தது சீலியை. தன் மூக்கை அல்ல.

திங்களன்று மூவருமாக அலுவலகம் போனார்கள். தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தன்னைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்தும் முந்திரி போட்டிருந்தார்.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“அக்கா தங்கச்சி இல்லன்னா, அப்ப என்ன?”

“ஒருத்தரை ஒருத்தர் விரும்புதோம். சேந்து வாழுதோம்,” என்றாள் தமயந்தி.

“அதைத்தானே அக்கா தங்கச்சின்னு எழுதியிருக்கு.”

“புருசன் பொஞ்சாதி மாதிரி, சார்,” என்றாள் சீலி.

அவர் ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். “உங்கள்ல யாரு ஆம்பள?”

“யாரும் இல்ல.”

“சட்டை போடுவீங்களா? புல்லட் ஓட்டுவீங்களா?”

“நான் ஸ்கூட்டி. இவ பஸ்.”

“பல்பு மாட்டுறது யாரு?”

“யாருக்கு எட்டுதோ அவங்க.”

அவர் தாளின் அடியில் கூட்டிப் பார்த்தார். “நூத்துக்கு ஆறு வருது. முப்பத்தஞ்சு வேணும். இடுப்பு வரைக்கும் சடை, அதுல மல்லிப்பூ. இப்படி வந்து நின்னு சொன்னா யாரும்மா நம்புவா? அப்படிப்பட்டவங்க வேற மாதிரி இருப்பாங்க.”

“எப்படி இருப்பாங்க?”

“நான் பாத்ததில்ல. ஆனா தெரியும்.”

தமயந்தி திரும்பினாள். பதினோரு ஆண்டுகளில் வாசலைத் தாண்டி அவள் சீலியின் சுண்டுவிரலைக்கூடத் தொட்டதில்லை. இப்போது வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையில் சீலியின் முகத்தைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டாள். நிதானமாக. செருப்பு பறந்து வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்கும் தயாராக இருந்தாள்.

வரிசை உருகிப்போனது.

“கூடப்பொறந்ததுன்னா இப்படில்லா இருக்கணும்,” என்றார் ஒருவர். ஆறு வருடமாகத் தங்கையோடு பேசாதிருந்த ஒரு பெண் உடனே அவளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். கவுண்டர்க்காரர் மூக்கைச் சிந்திவிட்டு, ஃபைலில் ‘சகோதரிகள், உறுதி’ என்று முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் சீலி படியில் உட்கார்ந்து அழுதாள். உள்ளே ஒருவராவது திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அம்மா குழாயடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தார். “எனக்கு வந்த அன்னைக்கே தெரியும்ட்டி,” என்றார்.

“என்ன தெரியும்?”

“அதான்.”

“அப்ப உள்ள வச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றாள் தமயந்தி.

“எப்படிச் சொல்ல? தெரியாத மாதிரி இருக்கத்தான அம்மாவை அனுப்புதாங்க.”

அவர் குரலில் வருத்தமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கடைக்காரர் சரக்கு இல்லை என்று சொல்வதுபோல்தான் சொன்னார். சாலையில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. நான் முன்னால போறேன்.”

முன்னால் நடந்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.