கயிறு பிடிக்கிற மச்சான்

எருமைப்பாறையில் தேன் எடுக்க இறங்குகிறவனுக்கு, மேலே நின்று கயிறு பிடிப்பவன் அவன் மனைவியின் அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்க வேண்டும். வெள்ளியங்காட்டுக்கு மேலே இருக்கும் இருளர் குடியிருப்புகளான பதிகளில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத அவசியமும் இல்லை. கூடப்பிறந்தவளை விதவையாக்க எவனுக்கும் மனம் வராது. பங்காளிக்கு அந்தக் கவலை கிடையாது, நிலத்தில் ஒரு கண் வேறு இருக்கலாம். கொடியில் முறுக்கிய கயிறு போய் நைலான் வந்துவிட்டது. பிடிக்கிற கை மட்டும் மாறவில்லை.

ஆகவே மாசாணியம்மாள் கோபித்துக்கொண்டு கீழ்ப்பதியில் இருக்கும் அண்ணன் வெள்ளிங்கிரியின் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்ததும், மேல்பதியில் யாரும் என்ன சண்டை என்று விசாரிக்கவில்லை. அவள் புருஷன் மருதனுக்கு இந்த வருஷம் கயிறு பிடிப்பது யார் என்றுதான் விசாரித்தார்கள்.

சண்டை எல்லோருக்கும் முன்னால்தான் நடந்தது. மாசாணி சங்கத்துக் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். காட்டிலிருந்து வரும் சீயக்காய், கடுக்காய், தேன் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போக வேண்டும். தேனில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் சிறிய குழல் ஒன்று அவளிடம் உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். வருஷத்தின் முதல் தேன் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், கைக்கெட்டும் கிளையில் இருந்த ஓர் அடையை மருதன் முன்கூட்டியே அறுத்துக் கொண்டுவந்தான். தேனீ இன்னும் மெழுகு மூடி போடாத பச்சைத் தேன். மாசாணி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். டின்னை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஈரம் அதிகமா இருக்குதுங்க. கொஞ்ச நாள்ல புளிச்சுப் பொங்கிப்போகும். எடுத்துட்டுப் போங்க."

"ஏம்புள்ள, நான் யாருன்னு தெரியுதா?"

"எனக்குத் தெரியுதுங்க. இந்தக் குழலுக்குத் தெரியலியே."

கொட்டகையே சிரித்தது. மருதனும் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் வீட்டுக்கு வந்து, "அந்தக் குழலையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்றான். மாசாணி துணிகளை மூட்டை கட்டினாள். விடிந்ததும் கிளம்பிவிட்டாள்.

அதன்பிறகு தினமும் காலையில் கொட்டகைக்குப் போகும்போது அவன் வாசலைத் தாண்டித்தான் போனாள். திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். கத்தி தேய்ந்தது.

டீக்கடை மாரியாத்தாளுக்கு இது நல்ல காலம்.

"ஏங்கண்ணு மருதா, ஊட்டுல சோறு யாரு ஆக்கறாங்க?"

"நானேதானுங்க."

"அதான் எளச்சுப்போட்டே. நல்லதுதான். கயிறு புடிக்கறவனுக்குப் பாரம் கொறையும்." டீயை ஆற்றிக் கொடுத்தாள். "புடிக்கறவன் இருந்தா."

மருதன் தன் பெரியப்பா மகனைக் கேட்டுப் பார்த்தான். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, உன்ற மேக்காலக் காட்டுக்கு ஆசப்பட்டுத்தான் உட்டுப்போட்டேன்னு பேசுவாங்க. ஏற்கனவே எனக்கு அந்தக் காட்டு மேல கொஞ்சம் ஆசதான். வேண்டாம் சாமி."

கீழே நகரத்தில், கணபதியில் கடை வைத்திருக்கும் ஜெஃபின் கடுக்காய் மூட்டை ஏற்ற வேனில் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மலை ஏறுகிறவர்கள் இடுப்பில் மாட்டும் பட்டையையும் ஒரு கயிற்றையும் வேனிலிருந்து எடுத்துக் காட்டினான். "இது ரெண்டு டன் தாங்குங்கண்ணா. மரத்துல கட்டிட்டா ஆளே வேண்டாம்."

மாரியாத்தாள் கயிற்றைத் தடவிப் பார்த்தாள். "நல்ல கயிறுதானுங்க தம்பி. இதுக்குத் தங்கச்சி இருக்குதா?"

ஜெஃபினுக்கு வழக்கத்தைச் சொன்னார்கள். அவன் யோசித்தான். "எனக்குத் தங்கச்சி இருக்குதுங்க, ஜெனிதான்னு. ஆனா போன வருஷமே கல்யாணத்த முடிச்சுட்டோம். மருதண்ணன் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

டீக்கடை மொத்தமும் சிரிப்பில் குலுங்கியது. மருதன் பட்டையை மட்டும் வாங்கிக்கொண்டான்.

பாறையில் அடைகள் வெளுத்துவிட்டன, மூடி போட்டாயிற்று என்று ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். சாரல் தொடங்கிவிட்டால் தேனீக்கள் இருக்கும் தேனைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடும். அதற்குமேல் மருதனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கீழ்ப்பதிக்கு இறங்கிப் போனான்.

வெள்ளிங்கிரியை அறிந்தவர்கள் அவன் வாய்க்குப் பயப்படுவார்கள். முக்கியமாகக் கயிறு பிடிக்கும்போது அது ஓயவே ஓயாது. "மாப்ளே, உன்னைய விட நல்ல மாப்பிள்ளை காரமடையில பாத்து வெச்சிருந்தேன், இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்பான். "மாப்ளே, கை வலிக்குது, ஒரு பீடி பத்த வெச்சுக்கட்டுமா?" என்பான். கீழே தொங்குகிற மருதன் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் மேலே அனுப்புவான். அந்தப் பேச்சு காதில் விழுகிறவரை மேலே கை விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று வெள்ளிங்கிரி எழுந்து நின்றான்.

"வாங்க மாப்பிள்ளைங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

மருதன் ஓரமாக உட்கார்ந்தான். கல்யாணத்தன்றுகூட இவன் இத்தனை 'ங்க' போட்டதில்லை. கொங்கு நாட்டில் மரியாதை எல்லோருக்கும் உண்டு. ஆனால் திட்டிப் பழகியவன் திடீரென்று மரியாதை கொடுத்தால், அது கதவைச் சாத்துவதுதான்.

உள்ளே முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தில் கோபம் இருக்கிறதா என்று மருதன் கவனித்துப் பார்த்தான். அரிசியிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"பாறை வெளுத்துப்போச்சு" என்றான் கடைசியில்.

"கேள்விப்பட்டனுங்க."

"கயிறு புடிக்கோணும்."

"அத நான் சொல்ல முடியாதுங்களே. சொல்றவங்க உள்ள இருக்கறாங்க."

முறம் நின்றது. உள்ளிருந்து மாசாணியின் குரல் வந்தது. "புடிக்கிறேன்னு சொல்லுங்கண்ணா. நானும் வாரேன்."

முறம் மறுபடி தொடங்கியது. அவ்வளவுதான். அது மன்னிப்பா, வேறு ஏதாவதா என்று மருதன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு திரும்பினான். மூங்கில் புதர்கள் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மூவரும் பாறை உச்சிக்குப் போய்விட்டார்கள். வெள்ளிங்கிரி கயிற்றை வேங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். மருதன் பட்டையை மாட்டி, பச்சிலைக் கட்டில் புகை போட்டுக்கொண்டு இறங்கினான். யாரும் பேசவில்லை.

பாதிப் பாறை இறங்கும்வரை அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடைக்கு நேராக வந்து நின்றதும்தான் அந்த மௌனம் காதை அடைத்தது. கீழே பவானி ஆறு ஒரு நூல்போலத் தெரிந்தது. புகைக்குள் ஈக்கள் இரைந்தன. மேலே வானம் மட்டும் இருந்தது.

"மச்சான்!"

பதில் இல்லை.

"மச்சான், இருக்கறீங்களா?"

கயிறு இறுகத்தான் இருந்தது. ஆனால் இறுக்கம் பேசுவதில்லை. ஒருவனைத் தாங்கிக்கொண்டிருப்பவன் ஏன் தாங்குகிறான் என்று கயிற்றைத் தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தங்கைக்காகத் தாங்குகிறவன், தங்கைக்கே வேண்டாமென்றால்? கன்னத்தில் ஓர் ஈ கொட்டியது. உதட்டில் இன்னொன்று. தன் வீட்டில் இத்தனை நாளாக இருந்த அமைதியும் இப்படித்தான் இருந்தது என்று மருதனுக்கு அப்போது தோன்றியது. அவன் அதைக் கத்தி தீட்டும் சத்தத்தைப் போட்டு மூடியிருந்தான்.

"மாசாணி!" என்று கத்தினான். பாறை அதைத் திருப்பிச் சொன்னது. "அது பச்சைத் தேனுதான்! எனக்கு அறுக்கும்போதே தெரியும்! நீ சொன்னது செரி! நான் ஊட்டுல சொன்னதுதான் தப்பு!"

இரைச்சல். புகை. பிறகு மேலிருந்து அவள் குரல், கொட்டகையில் பேசுகிற அதே குரல்.

"கேக்குதுங்க. கத்தாதீங்க, ஈ கலையும். மேல்பக்கம் தேன் இருக்கறத மட்டும் அறுங்க. கீழ குஞ்சு இருக்கும், அத உட்ருங்க. பக்கத்து அடையத் தொடக் கூடாது, அது அடுத்த வருஷத்துக்கு."

"எனக்குத் தெரியும்புள்ள!"

"தெரிஞ்சதத்தானுங்க சொல்றேன். தெரியாததச் சொன்னா எப்பக் கேட்டீங்க?"

அப்போது மேலே ஏதோ வெடித்தது. வெள்ளிங்கிரி சிரித்தான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்ததில் கயிறே குலுங்கியது.

"அம்மணி, போதுஞ்சாமி, இனி என்னால முடியாது! மாப்ளே! நான் வாயத் தொறந்தா உன்ற ஊட்டுக்கே திரும்பிப் போக மாட்டேன்னு இவ மெரட்டிப்போட்டாடா! ரெண்டு நாளா உனக்கு 'ங்க' போட்டுப் போட்டு நாக்கு சுளுக்கிக்கிச்சு!"

"கயித்தப் புடிடா, சிரிக்காத!" என்றான் மருதன்.

"புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன். எளச்சுட்டேன்னாங்க, எருமையாட்டம் கனக்கறே. இவ இல்லாம நல்லாத் தின்னியா?"

மருதன் திட்டத் தொடங்கினான். வார்த்தைகள் சரியாக வரவில்லை. உதடு தடித்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கியிருந்தது, புகையினால்தான். அடையின் மேல்பகுதியை மட்டும் அறுத்து டின்னில் விட்டான். குஞ்சுப் பகுதி பாறையில் அப்படியே நின்றது, ஈக்கள் அதைப் போர்த்திக்கொண்டன.

உச்சிக்கு இழுத்துப் போட்டபோது அவன் முகத்தில் பாதி அடையாளம் தெரியவில்லை. மாசாணி பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவளாலும் முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவன் அவளிடம் சொல்ல நிறைய வைத்திருந்தான். ஏறும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தான். வாயைத் திறந்தான். வீங்கிய உதட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பேசாதீங்க" என்றாள். அவனை வேங்கை நிழலில் உட்காரவைத்து, நகத்தால் கன்னத்தில் இருந்த கொடுக்குகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கத் தொடங்கினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வெள்ளிங்கிரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போய் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தான்.