பிரபுவுக்குக் கிடைத்த குரல்

வாசகர்களே, வாருங்கள், ஓர் அநீதிக்கு உங்கள் காதுகளைச் சாட்சியாக அழைக்கிறேன்.

குடிமக்களின் இரத்தத்தைக் குடித்தே முந்நூறு ஆண்டுகள் வாழும் ஒரு பிரபுவைப் பற்றிய சரித்திர நாவல் அது. அச்சில் படித்தவர்கள் முற்றுகைகளுக்கும் வம்சாவளிக்கும் நடுவே தூங்கிப்போனார்கள். அதை ஒலிநூலாக வாசித்தவள், ஒலிப்பதிவு நிலைய முதலாளியின் மனைவிக்குத் தங்கை. கோட்டைக் கதவு திறக்குமிடத்தில் அவள் மூச்சை நிறுத்தினாள். கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளர் தம் முதுகுக்குப் பின்னாலிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். செத்த வரிகள் அவள் தொண்டையில் எழுந்து நடந்தன.

பிரபு வாய் திறக்கும் அத்தியாயங்கள் மட்டும் மிஞ்சியிருந்தபோது அட்டைப்படம் வந்தது. ‘குரல்’ என்பதற்குக் கீழே, முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டுப் போன நடிகரின் பெயர்.

“அத்தான், என் பேரு எங்க?”

முதலாளி பல்லிடுக்கில் ‘ச்சு’ என்று உறிஞ்சினார், மூக்கால் சிரித்தார். பேச்சைத் தொடங்கும்போதெல்லாம் அப்படித்தான். “நமக்குள்ள என்னம்மா பேரு? உங்க அக்கா வீட்டு வேல செய்றா, பேரா கேக்குறா?”

“அவளும் கேக்கணும் அத்தான்” என்று சொல்லிவிட்டு அவள் மைக்கின்முன் அமர்ந்தாள்.

பிரபு பேசினான். நூலின் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ‘ச்சு’. பிறகு மூக்குச் சிரிப்பு. பிறகு, கழுத்தைத் தடவிக்கொடுக்கும் அந்தக் கனிவு.

ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டார். “அம்மா, இது நம்ம…”

“பிரபுங்க. வேற யாரு?”

பிறர் குரலை விற்றே வாழ்ந்த முதலாளி, தம் குரலை ஒருநாளும் பதிவில் கேட்டறியாதவர். பிரபுவின் வசனங்களைக் கேட்டுவிட்டுச் சொக்கிப்போனார். “பிரபு பிரமாதம். யாரப் பாத்துப் பிடிச்ச?”

“கூடவே இருக்குற ஆளுதான் அத்தான்.”

நூல் வெளியாயிற்று. சமையலறையில் அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரபுவின் முதல் வசனம் வந்ததும், கணவர் வந்துவிட்டார் என்று தட்டெடுத்து வைத்தாள். அத்தியாயம் முடிந்ததும் தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

ஊர் சிரித்தபின் முதலாளிக்கு விளங்கியது. “அந்தக் குரல மாத்திப் படிச்சுக் குடும்மா.”

“நடிகரக் கூப்பிடுங்க அத்தான். அட்டையில அவர் பேருதானே இருக்கு?”

இன்றும் அவள் பெயர் ஏறவில்லை. கேட்டு நடுங்கியவர்களே, அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பிரபுவாகப் பேசியது யார் என்று கேளுங்கள். மறுமுனையில் ‘ச்சு’ என்று ஒரு குரல் தொடங்கினால் வைத்துவிடாதீர்கள். அவள் பெயர் அட்டையில் ஏறும்வரை கேளுங்கள்.