அளக்காத எண்பது கிலோமீட்டர்

என் தங்கைக்கு அவனைக் கட்டிவைத்தவனே நான்தான். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒளியிழைக் கேபிள்களை அளப்பது எங்கள் வேலை. ஒரு ஒளித்துடிப்புக்குள் பல நிறங்கள் இருக்கும். எல்லாம் ஒரே வேகத்தில் ஓடாது. எண்பது கிலோமீட்டர் போவதற்குள் துடிப்பு பரந்து பக்கத்துத் துடிப்பின் மேல் ஏறிவிடும். பிந்தியதை முன்னுக்கு இழுத்துச் சேர்க்க, எதிர்க்குணமுள்ள இழைச் சுருளைப் பெட்டியில் வைத்து முனையில் மாட்டுவோம். எந்தப் பெட்டி என்பது, துடிப்பு எவ்வளவு பரந்திருக்கிறது என்று அளந்தால்தான் தெரியும்.

பெரும்பாலும் இந்த முனையில் நான் ஒளி ஏற்றுவேன். அந்த முனையில் கருவியோடு மாப்பிள்ளை. படிவத்தில் அளந்தவர், ஒளி ஏற்றியவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்துக்காக யார் எண்பது கிலோமீட்டர் அலைவது? சில நாள் முனை மாறுவோம் என்பதால், சிலவற்றில் அளந்தவராகவும் சிலவற்றில் ஒளி ஏற்றியவராகவும் வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொள்வோம். ஏழு வருடப் பழக்கம்.

அன்றைக்கு ஒளி ஏற்றிய பத்தாவது நிமிடம் போன் வந்தது.

"அளந்தாச்சு மச்சான். அதே பழைய அளவுதான். மூட்டையக் கட்டுங்க."

"அதுக்குள்ளயா?"

"கை பழகிடுச்சுல்ல!"

நானும் சிரித்தேன், மடையன்.

அவன் அளக்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. போன வருடத் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறான். இடையில் சாலையை அகலப்படுத்தியபோது பாதிக்கு மேல் புது வகைக் கேபிள் போட்டிருந்தார்கள். அதில் ஒளி அவ்வளவு பரவாது. பழைய அளவுப் பெட்டி, மருந்து மிஞ்சிப்போன கதையாக, துடிப்பை எதிர்ப்பக்கமாகக் குலைத்துவிட்டது. இணைப்பு ஒரு பகல் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்தது.

விசாரணையில் மேலாளர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். அளந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. ஒளி ஏற்றியவர் என்ற இடத்தில் அவனுடையது.

"இது உங்க கையெழுத்துதானே?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"மச்சான்தான் சார் அளந்தாரு. நான் லைட்டு மட்டுந்தான் போட்டேன்."

வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து என்று சொன்னால் அதற்கே என் வேலை போகும். கூடவே அவன் வேலையும் போகும். தங்கைக்கு இது ஏழாம் மாதம்.

"என்னோடதுதான் சார்" என்றேன். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள்.

"ஏண்ணா, ஒழுங்கா அளந்திருக்கக் கூடாதா? உனக்காக அவரு மேனேஜர் கால்ல விழாத குறையா கெஞ்சினாராம். வந்ததுலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல."



"அவரச் சாப்பிடச் சொல்லும்மா" என்றேன்.