பழுப்பு, கருப்பு, சிவப்பு

என் அண்ணன் என்னை 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவான். சித்தப்பா வாங்கிக் கொடுத்த எலக்ட்ரானிக்ஸ் கிட்டில் ஸ்பிரிங் பொருத்திய பலகை, பாட்டரி கிளிப், மூன்று டிரான்சிஸ்டர், இரண்டே இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு பை நிறைய ரெசிஸ்டர் எல்லாம் இருந்தன. அளந்து பார்க்கிற மீட்டர் மட்டும் இல்லை. அந்த வேலைக்கு ஒன்பது வயதில் தங்கை நான் அமர்த்தப்பட்டேன். வாய் திறந்து கேள்வி கேட்டால் மண்டையில் ஒரு குட்டு, அதுதான் சம்பளம்.

மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒவ்வொன்றின் மேலும் வண்ணக் கோடுகள் இருக்கும். நிறம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கருப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு. மூன்றாவது கோடு எத்தனை பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று சொல்லும். பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் ஆயிரம் ஓம். அந்த மூன்றாவது கோடும் பழுப்பாக இருந்தால் வெறும் நூறு. அண்ணன் அப்போது பதினோரு வயதுப் பெரிய மனுஷன். கையேட்டைப் பார்த்து, "ஆயிரம் எடு" என்பான். நான் பொறுக்கிக் கொடுப்பேன். அவன் ஸ்பிரிங்கை வளைத்து மாட்டுவான். தண்ணீர் பட்டால் அலறும் மணி ஒன்றைச் செய்து குளியலறை வாளியில் யாருக்கும் சொல்லாமல் போட்டு வைத்தோம். அப்பா பாதி சோப்போடு வெளியே ஓடி வந்தார். அடி அவனுக்கு, சிரிப்பு எனக்கு.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். அவனுக்கு அரை நாள்கூடப் பொறுக்கவில்லை. தானே ரெசிஸ்டரைப் பொறுக்கி மாட்டினான். எல்.இ.டி. ஒரு நொடி பளிச்சென்று எரிந்து கருகிப் போனது. இருந்த இரண்டில் ஒன்று. கருகிய நாற்றத்தோடு என் கட்டிலுக்கு வந்து நின்றான்.

"ஆயிரம்தான் போட்டேன். ஏன் போச்சு?"

வாங்கிப் பார்த்தேன். நூறு.

"அண்ணா, மூணாவது கோடு என்ன கலர்?"

"பழுப்பு."

நிஜமான ஆயிரத்தை எடுத்துக் காட்டினேன். "இதுல?"

"இதுவும் பழுப்புதான். மட்டமான பெயின்ட், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. உனக்கு மட்டும் எப்படித்தான் தெரியுதோ!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் விளையாடவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அடுத்த நிமிஷமே எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நான் இல்லாமல் இவனால் ஒரு விளக்கைக்கூட எரிய விட முடியாது. அன்றிலிருந்து குட்டு விழுவதும் நின்றது.

அம்மாவிடம் சொல்லாமல் இல்லை. அவள் துணி மடித்துக்கொண்டே, "உங்க மாமாவும் இப்படித்தான். பச்சைச் சட்டைன்னு சொல்லி பழுப்புச் சட்டை வாங்கிட்டு வருவான். ஆம்பளைங்களுக்கு எப்பவுமே கலர் பிடிபடாது" என்றாள். எங்கள் வீட்டில் அது ஒரு கண் குறையே இல்லை, ஆண்பிள்ளைகளின் அசட்டை. அதோடு பேச்சு முடிந்தது.

பதினைந்து வயதில் அவன் நிஜ மீட்டர் ஒன்றை வாங்கினான். அதன் பிறகு எதையும் அளந்தே மாட்டினான். தெருவில் யார் வீட்டு ரேடியோ மக்கர் செய்தாலும் இவனிடம் வரும். நான் உப்புக்குச் சப்பாணி ஆனேன். 'மீட்டர்' என்ற பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பத்தொன்பதில் தொலைபேசி நிலையத்தின் பயிற்சிக்கு எழுதினான். கேபிள் பிரித்து இணைக்கும் வேலை. எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தான். அப்பா தான் வேலை பார்க்கும் அச்சகத்தில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தார். பாக்கி இருந்தது கண் பரிசோதனை மட்டும்தான்.

கேபிள் என்றால் நூற்றுக்கணக்கான வண்ணக் கம்பிகள். பள்ளி நூலகத்தில் தேடினேன். நிறக்குருடு என்று தலைப்பே போட்டு நாலு பக்கம் இருந்தது. வீட்டுக்கு வந்து மென்று விழுங்கிச் சொன்னேன்.

"அண்ணா, அங்க கலர் கேப்பாங்களாம்."

"கேக்கட்டுமே. சிவப்பு பச்சை தெரியாதவனா நான்? தக்காளி சிவப்பு, இலை பச்சை. போ, போய்ப் படி."

படித்ததைச் சொன்னால் மட்டும் அவன் கண் மாறிவிடுமா? பரிசோதனைக்குத் துணைக்கு வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் அம்மா மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்த சுவரோர பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார். அண்ணன் முன்னால் ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், அவற்றுக்குள் ஓர் எண்.

"பன்னெண்டு" என்றான். அது எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த பக்கத்தில் எட்டு இருந்தது. அவன், "மூணு" என்றான், கொஞ்சமும் தயங்காமல். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். அதற்கடுத்த பக்கத்தில் அவன் கண்ணைச் சுருக்கினான்.

"இதுல ஒண்ணும் இல்லையே, டாக்டர்."

ஏழு இருந்தது. என் உதடு தானாகவே அசைந்துவிட்டது.

"சொல்லக் கூடாதும்மா" என்றார் டாக்டர், தலையைத் திருப்பாமலே.

இன்னும் மூன்று பக்கம். மூன்றிலும் ஒன்றுமில்லை என்றான். குரல் இறங்கிக்கொண்டே போனது. சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. நான் கடவுளே கடவுளே என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் திருப்பிய பக்கத்தில் எனக்கு எண்ணே தெரியவில்லை. வெறும் புள்ளிகள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நாப்பத்தஞ்சு! நல்லா தெளிவா இருக்கு."

அப்படியும் ஒரு பக்கம் உண்டு என்று நூலகத்தில் படித்திருந்தேன். நிறம் பிரியாத கண்ணுக்கு மட்டுமே அதில் எண் தெரியும்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுதாம்மா?"

தெரிகிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

"இல்ல" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். அண்ணனுக்கு அது புரியவில்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்து, புள்ளிகளின் மேல் மெதுவாக விரலை ஓட்டினான்.

"நல்லா பாரு, அவசரப்படாத. இது நாலு. இதோ, இது அஞ்சு. இப்பத் தெரியுதா?"