அரிசிப்பல்லின் மூன்றாவது கடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை ஒரு படிவத்தை என் முன்னால் போட்டாள். "என்ன நடந்தது?" என்ற கேள்வி, கீழே மூன்றே கோடு.

"நீதான் எழுதற ஆளாச்சே, எழுதிக்குடுண்ணா. ஒரு வாண்டு மூணாவது தடவை கடிச்சுட்டான். கடிபட்ட பொண்ணோட அம்மா நாளைக்கு இதுல கையெழுத்துப் போடலைன்னா அவனை நிறுத்திடுவாங்க."

2

மூன்று வயதுக் கொடூரன் ஒருவன்...

(அடித்துவிட்டேன். தங்கை முறைத்தாள். அவனை அவள் கூப்பிடுவது அரிசிப்பல். கடிபட்டவள் உருண்டை. அவளுக்கும் மூன்றுதான்.)

ஒரு பொம்மை லாரிக்கு* இருவரும் மல்லுக்கு நின்றார்கள். அரிசிப்பல் கடித்தான். உருண்டை வீறிட்டாள். தங்கை அவள் கையைக் கழுவி, பிளாஸ்திரி ஒட்டினாள். அதற்குள் கடித்தவன் மூலையில் நின்று தேம்பத் தொடங்கியிருந்தான். உருண்டை எழுந்து போய், தன் பிளாஸ்திரியைப் பிய்த்து, அவன் வாயில் ஒட்டினாள்.

* லாரிக்கு ஒரு சக்கரம் கிடையாது. அதற்குத்தான் இந்த அடிதடி.

3

[இந்தப் பகுதியைத் தங்கை எழுதச் சொல்லவில்லை.]

"உருண்டை பழிவாங்கறான்னு நெனச்சு ரெண்டு பேரையும் பிரிச்சு உக்கார வெச்சுட்டேண்ணா. அப்பறம்தான் ரெண்டும் ஓன்னு அழுதுச்சுங்க. அழுகை வாயிலேர்ந்துதானே வருது? அவனுக்கு அங்கதான் வலிக்குதுன்னு ஒட்டியிருக்கா. எனக்குப் புரியலையே."

அவளைத் திட்ட மனம் வரவில்லை. நானாக இருந்தாலும் பிரித்துத்தான் வைத்திருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் அரிசிப்பல் தவழ்ந்தே வந்து "வலிக்குதா?" என்றான். "உனக்கு?" என்றாள் உருண்டை. பேச்சுவார்த்தை முடிந்தது. மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை.

4

முடிவு ஒன்று: படிவத்தைப் படித்த நிர்வாகி கண்கலங்கி...

("புளுகாதே அண்ணா.")

முடிவு இரண்டு: அன்றிலிருந்து அவன் யாரையுமே...

(எனக்கே நம்பிக்கையில்லை. நாளைக்கும் கடிப்பான்.)

5

ஆகவே, உருண்டையின் அம்மா நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து மகளைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள். நேற்றுப் பார்த்த ஆறு பல் தடம் அவள் கையில் இன்னும் மங்கவில்லை. வயிறு எரியத்தான் செய்யும், எனக்கும் எரியும். மூன்று கோடு போதாமல் பின்பக்கம்வரை நான் எழுதியதைப் படித்துவிட்டீர்கள்.

வாசலில் உங்கள் மகள் அவனுக்குச் செருப்பு மாட்டிவிடுகிறாள், கால் மாற்றி. அவனும் சமர்த்தாகக் காலை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

தங்கை உங்களிடம் பேனாவை நீட்டுகிறாள்.