சங்கிலியின் வேகம்

வட யூலாந்தின் பன்றி அறுப்பாலை ஒன்றில் பல்கலைக்கழக ஆய்வாளரான டோர்த்தே ஆறாவது வாரமாகத் தொழிலாளர்களின் எச்சிலைச் சேகரித்துக்கொண்டிருந்தாள். வேலை நெருக்க நெருக்க உடம்பில் ஊறும் மன அழுத்தச் சுரப்பின் அளவு எச்சிலில் தெரிந்துவிடும். காலையில் ஒரு பஞ்சுச்சுருளை மெல்ல வேண்டும், வேலை முடிந்ததும் இன்னொன்று.

"வந்துட்டா எச்சில்காரி!" என்பான் ஆஸ்கர். முப்பது வருடமாகக் கத்தி பிடிப்பவன். "இன்னிக்குக் காபி வாசனையோட தர்றேன், பத்திரமா வெச்சுக்கோ."

முதல் மூன்று வாரம், பன்றி உடல்களைத் தொங்கவிட்டு இழுத்துச் செல்லும் சங்கிலியை ஆய்வுக்காக மெதுவாக ஓட்டினார்கள். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வெட்டுப் பிசகி வீணாகும் இறைச்சியும் குறைந்தது. அடுத்த மூன்று வாரம் வழக்கமான வேகம் என்பது ஒப்பந்தம். ஆனால் மேற்பார்வையாளன் வில்லி, விட்டதைப் பிடிக்க, யாருக்கும் சொல்லாமல் அதற்கும் மேலே முடுக்கிவிட்டான்.

கடைசி வாரத் திங்கட்கிழமை டோர்த்தே எண்களைப் பார்த்தாள். ஆஸ்கருக்குக் காலையைவிட மாலையில் சுரப்பு மூன்று மடங்கு; மற்றவர்களுக்கும் எகிறியிருந்தது. ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குப் போன் செய்தாள்.

"நடுவுல கை வெச்சா ஆய்வே கெட்டுடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு," என்றார் அவர்.

பொறுத்தாள்.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். ஆஸ்கருக்குப் பக்கத்தில் நின்ற யுட்டே ஒரு உடலை முடிப்பதற்குள் அடுத்தது வந்து அவள் தோளில் மோதியது. வலது கைக் கத்தி இடது கையின் இரும்புக் கையுறைக்கு மேலே இறங்கி, முழங்கை வரை கிழித்துக்கொண்டு போனது. இரத்தம் வெள்ளை ஏப்ரன் முழுக்கப் பீய்ச்சியடித்தது.

"நிறுத்து! சங்கிலியை நிறுத்து!" ஆஸ்கர் சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாய்ந்தான். வில்லி குறுக்கே நின்றான்.

"அவளை ஓரமா இழுத்துட்டுப் போ. இது ஓடட்டும்."

"அவ சாகப்போறாடா!"

"கையிலதான வெட்டு? நடிக்காத."

ஆஸ்கர் இடுப்பில் தொங்கிய, கத்தி தீட்டும் சாணைக்கம்பியை உருவினான். முதல் அடியில் வில்லியின் தலைக்கவசம் பறந்தது. இரண்டாவது தாடையில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்டது. கீழே விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே அடித்தான். டோர்த்தே பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டி இழுத்தாள். அவன் முழங்கை அவள் மூக்கை உடைத்தது. வாயெல்லாம் இரத்தம் உப்புக்கரிக்க, ஈரத் தரையில் தவழ்ந்து போய் அவளே பொத்தானை அடித்தாள்.

சங்கிலி நின்றது. உடல்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஆஸ்கர் கம்பியைப் போட்டுவிட்டு யுட்டேயின் கையைத் தன் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினான்.

வில்லி பிழைத்தான், இடது கண் போனது. யுட்டேக்கு இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார்கள்.

ஆஸ்கரின் வக்கீல் எண்களைக் கேட்டார். அவற்றைக் கொடுக்க அவன் சம்மதம் வேண்டும்; டோர்த்தே அவனைப் பார்க்கச் சிறைக்குப் போனாள்.

"என்னோடதைக் குடு. மத்தவங்களோடது வேணாம்," என்றான் ஆஸ்கர். "மூக்கு வலிக்குதா?"

"பரவாயில்ல. ஆஸ்கர், ஒண்ணு சொல்லணும். எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்க யாராலயும் தாங்க முடியலேன்னு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொன்னாங்க. பொறுத்தேன்."

அவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தான். காவலர் ஓடிவந்து அவன் கையை முறுக்கி மேசையோடு அழுத்தினார். மேசையில் கன்னம் நசுங்க, "போயிடு. என் கண்ணு முன்னாடி நிக்காத," என்றான்.

திங்கட்கிழமையே தெரிந்தும் பொறுத்ததை நீதிமன்றத்தில் யாரும் கேட்காமலேயே டோர்த்தே சொன்னாள். பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்கருக்குத் தண்டனை பதினான்கு மாதம். எண்கள் இல்லாவிட்டால் இரண்டு மடங்காகியிருக்கும் என்றார் வக்கீல். அழைத்துப் போகும்போது ஆஸ்கர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே கட்டுப் போட்ட கையோடு யுட்டே நின்றாள்.

"அவனுக்கு லெட்டர் எழுதலாமா?" என்று கேட்டாள் டோர்த்தே.

"வேணாம். எனக்கே உன்னை ஓங்கி ஒண்ணு விடணும்போல இருக்கு," என்றாள் யுட்டே. விடவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.