பெக்தாஸ் கடித்த ரொட்டி

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், வாசகரே. இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தோக்தார் ஐயா என் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார். அங்கிருந்துதான் வந்தது.

நான் ரைஹான், வயது இருபத்து நான்கு. உஷ்தோபே என்ற எங்கள் ஊரில், நாவலாசிரியர் ஓர்மான்பெத் வாழ்ந்த வீட்டில் பகல் நேர வேலை. அவர் விட்டுச்சென்ற காகிதங்களுக்கு எண் போடுகிறேன். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆவதால், வரும் மே மாதம் அந்த வீடு அருங்காட்சியகமாகத் திறக்கப்படுகிறது. அதன் தலைவர்தான் தோக்தார் ஐயா. வியாழக்கிழமைகளில் எழுத்துப் பயிற்சிக்கான மாலை வகுப்புக்குப் போகிறேன்.

"கடி பொண்ணே. ஒனக்குத்தான் பல்லு வரிசையா இருக்கு. நான் கடிச்சா குதிர கடிச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

எங்கள் வழக்கப்படி, போருக்குப் போகிறவன் வாசலைத் தாண்டுமுன் ரொட்டியில் ஒரு வாய் கடிப்பான். மிச்சத்தைத் துணியில் சுற்றி உயரத்தில் தொங்கவிடுவோம். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்று முடிக்க வேண்டும். ஓர்மான்பெத்தின் நாவலும் அப்படி ஒரு ரொட்டியோடுதான் முடிகிறது. போரிலிருந்து திரும்பும் வீரன், இறந்துபோன நண்பனின் வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொல்கிறான். நண்பன் கடித்துவிட்டுப் போன ரொட்டியை இறக்கி, வீட்டாரோடு பங்கிட்டுச் சாப்பிடுகிறான். பள்ளிப் பாடத்தில் இருக்கிற காட்சி. அது ஓர்மான்பெத்தின் சொந்த வாழ்க்கை என்றுதான் எல்லோரும் நம்புகிறோம்.

காட்சிப் பெட்டிக்கு ஒரு ரொட்டி வேண்டியிருந்தது. கடித்தேன். வார்னிஷ் பூசினார்கள்.

[இந்தப் பகுதி சிரிப்பாக இருக்கிறது. பின்னால் வருவதற்கு இது பொருந்துமா? பார்க்க வேண்டும்.]

2.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பனி கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில்" — அடித்துவிட்டேன். பனியும் இல்லை, இரவும் இல்லை.

"ஓர்மான்பெத் ஒரு கோழை" — அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாது.

"ஷானில் அக்கா, உங்கள் அப்பா" — முடிக்க முடியவில்லை.

மூன்றாவதுதான் சரியான தொடக்கம் என்று பயப்படுகிறேன்.

3.

ஷானில் அக்கா வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவர். ஐம்பத்திரண்டு வயது. கோக்தாஸ் என்ற சிறிய ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறார். பிப்ரவரியில் ஆசிரியர், வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பற்றி எழுதச் சொன்னார். நான் தேநீர்க் கெண்டியைப் பற்றி எழுதினேன். (பத்துக்கு ஐந்து.) அக்கா அப்பாவின் ரொட்டியைப் பற்றி எழுதினார்.

1942இல் அவருடைய அப்பா போருக்குப் போனபோது அக்கா அம்மாவின் வயிற்றில் இருந்தார். அப்பாவுக்கு முன்பல் ஒன்று கிடையாது. அதனால் கடித்த இடத்தின் நடுவே கடிபடாத ஒரு துண்டு நாக்கு போல நீட்டிக்கொண்டிருக்கிறதாம். "காணவில்லை" என்ற தாள்தான் வந்தது. இறந்தார் என்று சொல்லும் கறுப்புக் காகிதம் வரவே இல்லை. அம்மா மறுமணம் செய்துகொள்ளாமல் காத்திருந்து, எட்டு வருடங்களுக்கு முன் இறந்துபோனார்.

"எலி தின்னலையாக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வந்துச்சே. பல்லு ஒடஞ்சு குடும்பத்தோட ஊரவிட்டே போயிடுச்சு" என்றார் அக்கா.

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு என்னிடம் மட்டும், "தின்னு முடிக்க வேண்டிய ஆளு வரல. நான் யாரு அத எறக்க?" என்றார்.

4.

மூன்று வாரம் கழித்து, ஓர்மான்பெத்தின் காகிதங்களில் முப்பத்தோராம் கட்டைப் பிரித்தேன். நாவலின் கைப்பிரதி இருந்தது. அச்சில் நண்பனுக்கு வேறு பெயர், வேறு ஊர்; பல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கைப்பிரதியில் பெக்தாஸ் என்றும் கோக்தாஸ் என்றும் இருந்தது. "கடித்த இடத்தின் நடுவே நாக்கு போல ஒரு துண்டு, முன்பல் இல்லாதவன்" என்றும் இருந்தது. 1942 டிசம்பரில், போர்முனையில், ர்ஷேவ் அருகே, தலைக்கவசத்தால் குழி தோண்டி அவனைப் புதைத்ததாக எழுதியிருந்தார்.

ரொட்டியைப் பங்கிட்டுச் சாப்பிடும் காட்சி அதில் இல்லை. அந்த இடத்தில் கோக்தாஸுக்குப் போய்வந்த ரயில் டிக்கெட்டுகள் ஊசியால் குத்தி வைக்கப்பட்டிருந்தன. வசந்தத்துக்கு ஒன்றாக, பல வருடங்களின் டிக்கெட்டுகள். கீழே மூன்று முறை அடித்த ஒரு வரி. ஆனாலும் படிக்க முடிந்தது: "இந்த முறையும் சொல்லவில்லை."

ஷானில் அக்காவுடைய அப்பாவின் பெயர் பெக்தாஸ்.

5.

ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"அக்கா, ஓர்மான்பெத் ஒங்க ஊருப் பக்கம் வந்திருக்காரா?"

"வருஷா வருஷம் வருவாரே! நான்தான் திரும்புற டிக்கெட் குடுப்பேன். பெஞ்சுல ஒக்காருவாரு, அடுத்த வண்டியில போயிடுவாரு. கதைக்கு எடம் பாக்குறாருன்னு எங்களுக்கெல்லாம் ஒரே பெரும."

"ஒங்கம்மா பேசியிருக்காங்களா?"

"ஒரு தடவ டீ கொண்டுபோய்க் குடுத்தா. மனுசன் அத வாங்காம, 'வேட்டைக்குப் போன வல்லூறு எல்லாம் கைக்குத் திரும்புறதில்ல, சகோதரி'ன்னாரு. அம்மா விழுந்து விழுந்து சிரிச்சா. 'எழுத்தாளருங்க டீ கேக்குறதக்கூடக் கவிதையாத்தான் கேப்பாங்களா? சர்க்கர எத்தன?'ன்னா."

"அவரு என்ன சொன்னாரு?"

"ரெண்டு கரண்டின்னாரு. நீ ஏன்டி வெளுத்துப்போயிட்ட?"

மதியம் சாப்பிடவில்லை என்று சொன்னேன்.

சாவுச் செய்தியை நாங்கள் நேராகச் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடிப் போய், பறவையைப் பற்றியும் ஏரியைப் பற்றியும் பேசி, கேட்பவரே புரிந்துகொள்ளும்படி விடுவார்கள். ஓர்மான்பெத் வார்த்தையைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் தனியாகப் போனார். அதோடு அவர் எழுத்தாளர். வேறு யார் வல்லூறு என்று சொல்லியிருந்தாலும் அந்த அம்மா அங்கேயே அலறியிருப்பார்.*

* அதற்குப் பிறகுதான் நானூறு பக்க நாவலை எழுதினார். அதுவும் ஒரு வல்லூறுதானோ என்று சந்தேகப்படுகிறேன். அக்கா அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். நாவலில் வரும் பெண்ணுக்காக அம்மா அழுதாராம். "பாவம், அவளுக்குச் சேதி வந்துருச்சு. நமக்கு இன்னும் வரல, நம்பிக்க இருக்கு" என்றாராம்.

6.

நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேனா? ஐந்து பகுதிகளாகச் சுற்றி வருகிறேன். எழுதி வைத்த முடிவுகளைத் திரும்பப் பார்த்தேன்.

முதல் முடிவில் யாரிடமும் சொல்வதில்லை. கைப்பிரதியைத் தோக்தார் ஐயாவிடம் காட்டியபோது அவர் விரும்பியது இதைத்தான். "நாவல்ல சாப்ட்டாச்சு. பாடத்துல அச்சடிச்சாச்சு. இப்பப் போயி சாப்பிடலன்னா எப்படிம்மா? மே முடியட்டும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை.

இரண்டாவதில் கோக்தாஸ் பெஞ்சில் அக்காவோடு உட்கார்ந்து நானே சொல்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் நானும் சர்க்கரை இரண்டு கரண்டி என்றுதான்...

மூன்றாவதில் ஓர்மான்பெத்தை மன்னிக்கிறேன். அது என் வேலை இல்லை. அடித்துவிட்டேன்.

7.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் கடைசிப் பத்தியை எழுதக் கூடாது. நோட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டு முடித்துத் தருவார்.

இன்று வியாழக்கிழமை. ஷானில் அக்கா, இதுவரை வாசகர் என்றது உங்களைத்தான். உங்களை வேறு யாரோ போல எழுதியதற்குக் காரணம் பயம். நான்காம் பகுதியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் படித்துக்கொண்டு வந்தீர்கள் என்றால், யாராவது நேராகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

உங்கள் அப்பா பெக்தாஸ் 1942 டிசம்பரில் ர்ஷேவ் அருகே இறந்துவிட்டார். ஓர்மான்பெத் தன் கையால் அவரைப் புதைத்தார். உங்கள் வீட்டுக்கு வந்து சொல்ல அவரால் முடியவில்லை.

நீங்கள் தனியாக இல்லை. திரும்பிப் பாருங்கள். கடைசி பெஞ்சில் உங்கள் ஸ்டேஷன் மாஸ்டரும் அவருடைய மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்தான் அழைத்து வந்தேன். முப்பத்தோராம் கட்டு என் பையில் இருக்கிறது. காட்சிப் பெட்டியில் இருப்பது நான் கடித்த ரொட்டி. அதன் நடுவே நாக்கு இல்லை.

உங்கள் வீட்டு ரொட்டியை இனி என்ன செய்வது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கீழே பத்து வரி விட்டிருக்கிறேன். பேனா நோட்டுக்குள் இருக்கிறது.